சைலோமெட்டாசோலின் மூக்கு ஸ்பிரே: 5 மாதம் போட்டு, விட்டு வெளியே வந்த பிறகு எழுதும் விமர்சனம்

நான் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்கிறவள். கதைகள் கொஞ்சம், பார்வையற்ற மாணவர்களுக்கான பாடநூல்கள் நிறைய. இந்த வேலைக்குத் தொண்டைதான் மூலதனம் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி. மற்ற பாதி மூக்கு. ங, ஞ, ண, ந, ம, ன என்ற மெல்லினம் ஆறுக்கும் காற்று மூக்கு வழியாகப் போயாக வேண்டும். மூக்கு அடைத்துக்கொண்டால் 'மனம்' என்று சொன்னது 'பதப்' போலப் பதிவாகும். 'மஞ்சள்' என்று வாசித்தால் ஹெட்போனில் 'பச்சள்' என்று திரும்பி வரும். கேட்டுப் படிக்கிற மாணவருக்கு எதிரில் புத்தகம் கிடையாது. என் உச்சரிப்புதான் அவருக்கு எழுத்து. அதனால் மூக்கடைப்பை ஒரு சின்னத் தொந்தரவாக எடுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை.

சளி பிடித்த ஒரு வாரத்தில், மூன்று அத்தியாயம் பாக்கி இருந்தபோது, மருந்துக்கடையில் இந்த ஸ்பிரேயை வாங்கினேன். 7 நாளுக்கு என்று வாங்கியது 5 மாதம் நீண்டது. இப்போது விட்டு 8 மாதம் ஆகிறது. புகழவும் குறை சொல்லவும் போதுமான அனுபவம் சேர்ந்துவிட்டது. தயாரிப்பாளர் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் ஒரே மருந்து பல பெயர்களில் வருகிறது. பெட்டியில் சிறிய எழுத்தில் சைலோமெட்டாசோலின் என்றோ, அதன் நெருங்கிய உறவான ஆக்ஸிமெட்டாசோலின் என்றோ இருந்தால் நான் எழுதுவது அதற்கும் பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், நிறையவே இருக்கிறது. நான் வாங்கியது பெரியவர்களுக்கான 0.1 சதவீதம், 10 மில்லி புட்டி. குழந்தைகளுக்கு வருவது 0.05 சதவீதம். பம்ப் நன்றாக வேலை செய்தது. முதல் தடவை மட்டும் காற்றில் நான்கைந்து முறை அழுத்தி மருந்தை மேலே வரவழைக்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரே அளவு மெல்லிய தூவல். பழைய காலத்துச் சொட்டு மருந்து போலத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு படுத்துக் கிடக்க வேண்டாம். வாசனை கிடையாது. தொண்டைக்குள் இறங்கினால் கசக்கும், அவ்வளவுதான். போட்ட ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு பக்கமும் திறந்துவிட்டது. அன்றைய பதிவைத் திரும்பக் கேட்டபோது ம-வும் ன-வும் மணி அடித்த மாதிரி இருந்தன. அட்டையில் 10 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும் என்று போட்டிருந்தார்கள். முதல் வாரம் அதுவும் பொய்யில்லை.

இதற்கு முன்னால் நான் நம்பியிருந்தது மென்தால் வாசனைக் குச்சி. அதை ஒப்பிட்டுச் சொல்லத்தான் வேண்டும். மென்தால் மூக்கின் அடைப்பைத் திறப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்புமுனைகளைத் தூண்டுகிறது. காற்று நன்றாகப் போவது போலத் தோன்றுகிறது. மைக்ரோபோனுக்கு அந்தத் தோற்றம் கேட்காது. ஸ்பிரே அப்படி இல்லை. உண்மையாகவே வழியைப் பெரிதாக்குகிறது.

எப்படி என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த வாரம் நான் வாசித்துக்கொண்டிருந்ததே உடலியங்கியல் பாடம், அதிலும் நரம்புகள் இரத்தக்குழாயை ஆளும் விதம் பற்றிய அத்தியாயம். பார்வையற்றவர்களுக்கு வாசிக்கும்போது படங்களையும் வார்த்தையால் வரைந்து காட்ட வேண்டும். 'படத்தில் காட்டியபடி' என்று தாண்டிப் போக முடியாது. அதற்காக அந்தப் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியையிடம் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பையில் ஸ்பிரே இருந்தது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் அந்தப் புட்டியைப் பற்றியதாகவே எனக்குக் கேட்டது.

மூக்கடைப்பு என்றால் சளி அடைத்திருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பெரும்பாலும் அடைப்பது இரத்தம். மூக்கின் உள்பக்கச் சுவரில் சுருண்ட மேடுகள் இருக்கின்றன, டர்பினேட் என்கிறார்கள். அவற்றின் தோலுக்கடியில் பஞ்சு போல விரியக்கூடிய சிரை அறைகள். இரத்தம் நிரம்பினால் மேடு பருத்து வழியை மூடும், வடிந்தால் ஒட்டிப்போய் வழி விடும். நிரம்புவதா வடிவதா என்பதை முடிவு செய்வது அந்தக் குழாய்களின் சுவரில் சுற்றியிருக்கும் மென்தசை. நாம் நினைத்து அசைக்கிற தசை இல்லை அது. நம்மைக் கேட்காமல் வேலை செய்கிற தசை. அதற்குச் செய்தி கொண்டுவருவது பரிவு நரம்பு, அவசரத்தில் உடம்பை முடுக்கிவிடுகிற நரம்பு அது.

கையை மடக்கும் தசைக்குப் போகிற நரம்பு, தசையின் மேல் ஓர் இடத்தில் போய் நன்றாக ஒட்டி முடிகிறது. இரத்தக்குழாயில் அப்படி ஒரு முனையே கிடையாது. நரம்பு குழாயின் வெளிப்பக்கத்தில் படர்ந்து ஓடுகிறது. ஓடும் வழியெல்லாம் சின்னச் சின்னப் புடைப்புகள். இந்தப் படத்தை எப்படிச் சொல்வது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசியில் 'விரலுக்கடியில் ஒரு பாசிமணி மாலையை இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மணியும் ஒரு புடைப்பு' என்று பதிவு செய்தேன். மின்துடிப்பு வரும்போது வழியில் இருக்கும் மணிகள் தம் பைகளில் வைத்திருக்கும் வேதிப்பொருளைக் கொஞ்சம் சிந்துகின்றன. அது இடைவெளியில் பரவித் தசையைத் தொடுகிறது. உள்ளே ஆழத்தில் இருக்கும் தசைசெல்களுக்கு நரம்பு எட்டுவதே இல்லை. பக்கத்துச் செல்லிடமிருந்து செய்தி கை மாறிப் போகிறது.

சிந்துகிற பொருளில் முக்கியமானது நார்அட்ரினலின். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நரம்பே இதைப் படிப்படியாகச் செய்துகொள்கிறது, கடைசிப் படி அந்தப் பைக்குள்ளேயே நடக்கிறது. தனியாகவும் வருவதில்லை. கூடவே, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. வருகிறது, அது சட்டென்று வேலை செய்துவிட்டுப் போய்விடும். நியூரோபெப்டைடு ஒய் என்று 36 அமினோ அமிலங்கள் கோத்த இன்னொன்று, நரம்பு வேகமாகத் துடிக்கும்போது அதிகமாக வெளியாகி, மெதுவாக, நீண்ட நேரம் இறுக்கிப் பிடிக்கும். ஒரே நரம்பு மூன்று வேகத்தில் பேசுகிறது என்று ஆசிரியை சொன்னார். அந்த வாக்கியத்தை அப்படியே பதிவில் சேர்க்க அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன்.

நார்அட்ரினலின் தசைசெல்லின் மேலிருக்கும் ஆல்ஃபா ஏற்பிகளில், அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களில், உட்காருகிறது. ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை இருக்க வேண்டும் என்று அல்குவிஸ்ட் என்ற ஆய்வாளர் 1948-இல் எழுதியதிலிருந்து இந்தப் பெயர்கள். ஆல்ஃபாவிலும் 1, 2 என்று உட்பிரிவு உண்டு. ஆல்ஃபா-1 விழித்துக்கொண்டால் செல்லின் உள்ளே சேமிப்பில் இருக்கும் கால்சியம் வெளியே வருகிறது. கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியைக் கிளப்பிவிட, அது தசையை இழுக்கும் மையோசின் என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்ட, தசை சுருங்குகிறது. பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்க வேறொரு நொதி உண்டு, அது கை ஓங்கினால் தசை தளரும்.

பெரும்பாலான இரத்தக்குழாய்களுக்கு 'விரி' என்று சொல்ல நரம்பே கிடையாது என்பது எனக்குப் புதிய செய்தி. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் பரிவு நரம்பு விநாடிக்கு ஒன்றிரண்டு துடிப்பு வீதம் 'சுருங்கு' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது குறைந்தால் குழாய் விரிகிறது, கூடினால் இறுகுகிறது. குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிறது. அதனால் விநாடிக்கு ஒரு துடிப்புகூட அங்கே பெரிய விஷயம். மூக்கு இதில் கொஞ்சம் விதிவிலக்கு. அங்கே பரிவு நரம்புக்கு எதிராக வேலை செய்யும் எதிர்ப்பரிவு நரம்பும் உண்டு. அசிட்டைல்கோலினையும் வி.ஐ.பி. என்ற பெப்டைடையும் சிந்திக் குழாய்களை விரிய வைக்கிறது, சளியையும் சுரக்க வைக்கிறது.

இதை முதலில் கண்ணால் பார்த்த கதையும் அந்த அத்தியாயத்தில் இருந்தது. 1851-இல் க்ளோட் பெர்னார் முயலின் கழுத்தில் பரிவு நரம்பை ஒரு பக்கம் வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடானது. அடுத்த ஆண்டு பிரௌன்-செக்கார் அறுந்த நரம்பில் மின்சாரம் கொடுக்க, காது வெளுத்துக் குளிர்ந்தது. நரம்பு என்ன பொருளைச் சிந்துகிறது என்பது தெரிய ஏறக்குறைய 95 ஆண்டு ஆனது. 1946-இல் உல்ஃப் வான் ஆய்லர் அது நார்அட்ரினலின் என்று காட்டினார். மனிதர்களிலும் நோயாலோ காயத்தாலோ கழுத்தின் பரிவு நரம்பு அறுபட்டால் அந்தப் பக்கத்து மூக்கு அடைத்துக்கொள்ளும். காது சிவந்த அதே காரணம்தான்.

சரி, புட்டிக்குத் திரும்புகிறேன். சைலோமெட்டாசோலின் ஒரு போலித் தூதர். நரம்பு சிந்தாமலேயே ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2 இரண்டிலும் நேராகப் போய் உட்கார்ந்து 'சுருங்கு' என்று சொல்கிறது. சிரை அறைகள் இறுகி, இரத்தம் வடிந்து, மேடு ஒட்டிப்போகிறது. ஐந்து நிமிடத்தில் கிடைத்த திறப்பு இதுதான். ஏன் 10 மணி நேரம் நிற்கிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. உண்மையான நார்அட்ரினலினுக்கு ஆயுள் மிகக் குறைவு. சிந்திய நரம்பே பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த ஜூலியஸ் ஆக்ஸல்ராட், 1970-இல் வான் ஆய்லரோடும் பெர்னார்ட் காட்ஸோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எஞ்சியதை நொதிகள் சிதைத்துவிடும். சைலோமெட்டாசோலினின் அமைப்பு வேறு. அந்த நொதிகளுக்கு அது பிடிபடாது. வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். பொருளாகப் பார்த்தால் இது மிக நல்ல வடிவமைப்பு என்றுதான் இன்றும் சொல்வேன்.

மாத்திரையோடு ஒப்பிட்டால் ஸ்பிரே இன்னும் மேல். சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபீனைல்எஃப்ரின் இருக்கிறது. அதுவும் ஆல்ஃபா-1 ஏற்பியில் உட்காருகிற ஆள்தான், ஆனால் விழுங்கினால் குடல் சுவரிலும் கல்லீரலிலும் பெரும்பகுதி சிதைந்து, மூக்குக்கு வந்து சேர்வது சொற்பம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில், வாய்வழி ஃபீனைல்எஃப்ரின் சொல்லப்படும் அளவில் மூக்கடைப்புக்குப் பயன்படாது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. சூடோஎஃபெட்ரின் மாத்திரை வேலை செய்கிறது, நரம்பிலிருக்கும் நார்அட்ரினலினை வெளியே தள்ளிவிட்டு. ஆனால் உடம்பு முழுக்கத் தள்ளும். எனக்கு அது நெஞ்சுப் படபடப்பையும் விடியவிடிய விழிப்பையும் தந்தது. ஸ்பிரே தேவையான இடத்தில் மட்டும் விழுகிறது.

இப்போது குறை.

7-ஆம் நாள் சளி போய்விட்டது. அடைப்பு போகவில்லை. இன்னும் சளி முடியவில்லை போலிருக்கிறது என்று எட்டாம் நாளும் போட்டேன். மூன்றாவது வாரத்தில் 10 மணி நேரம் 6 மணி நேரமாகியிருந்தது. இரண்டாவது மாதத்தில் இரவு 2 மணிக்கு வாய் காய்ந்து எழுந்து தலையணைக்கடியில் புட்டியைத் துழாவினேன். நான்காவது மாதத்தில் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை. பதிவுக் கூடத்தில் ஒன்று, கைப்பையில் ஒன்று, படுக்கையில் ஒன்று. ஒருநாள் புட்டியை மறந்து வெளியே போய்விட்டு, பாதி வழியில் வயிறு கலங்க வீட்டுக்குத் திரும்பினேன். இதில் என்னை வருத்துவது, ஒரு தடவைகூட அந்த மருந்தைச் சந்தேகிக்கவில்லை என்பதுதான். அடைப்பைத் திறக்கிற ஒரே நண்பன் அதுதானே என்று நினைத்தேன்.

'7 நாளுக்கு மேல் வேண்டாம்' என்பது உள்ளே எட்டாக மடித்து வைத்த தாளில் இருந்தது. புட்டியின் மேல் இல்லை. பெட்டியைத் தூக்கிப் போட்டதோடு தாளும் போய்விட்டது. இந்தப் பொருளில் எனக்கு உண்மையான கோபம் இந்த ஓர் இடத்தில்தான். மற்ற எந்த எச்சரிக்கை தாளில் இருந்தாலும் பரவாயில்லை. இதைப் பம்பின் கழுத்தைச் சுற்றி ஒட்ட வேண்டும். சில தயாரிப்புகளில் 3 நாள் என்றும் 5 நாள் என்றும் இருக்கிறது. குறைவாக எது போட்டிருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கும் அதே நரம்புப் பாடத்தில்தான் பதில் கிடைத்தது. மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். எனக்கு மனதில் தைத்தது ஒன்று. நார்அட்ரினலினைச் சிந்தும் நரம்பு மணியின் மேலேயே ஆல்ஃபா-2 ஏற்பி இருக்கிறது. அது நரம்பு தன் குரலைத் தானே கேட்டுக்கொள்ளும் காது மாதிரி. வெளியே போதுமான நார்அட்ரினலின் இருக்கிறது என்று அது உணர்ந்தால், 'போதும்' என்று சிந்துவதைக் குறைத்துவிடும். சைலோமெட்டாசோலின் அந்தக் காதிலும் உட்காருகிறது. பொய்யான ஆளின் சத்தத்தைக் கேட்டு நரம்பு தன் சொந்தக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. நாள் முழுக்க ஹெட்போனில் என் குரலைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறவள் நான். ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டினால் நம்மை அறியாமல் மெதுவாகப் பேசத் தொடங்குவோம் என்பது எனக்குத் தெரியும். என் மூக்கில் நடந்ததும் அதுதான்.

மற்ற இரண்டும் சுருக்கமாக. எந்நேரமும் ஆள் உட்கார்ந்திருந்தால் தசைசெல் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும், பிறகு அதே அளவு மருந்துக்கு முன்பு போலச் சுருங்காது. நாள்கணக்கில் இரத்தம் குறைவாகக் கிடைத்த உள்தோல் தானே வீங்கத் தொடங்கும். ஆக, மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் நரம்பு அமைதி, தசை மந்தம், தோல் வீக்கம். மேடு முன்பைவிடப் பெரிதாகப் பருக்கும். அதை மறுபடி மருந்தால் அழுத்துவோம். மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். தமிழில் 'மருந்தால் வந்த மூக்கழற்சி' என்று சொல்லலாம்.

எனக்கு இது உறைத்தது ஓர் இரவில். புட்டி தீர்ந்துவிட்டது, நேரம் 2 மணி தாண்டியிருந்தது. மூச்சு விட முடியாத பதற்றத்தில் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். நான்காவது சுற்றில் மூக்கு திறந்தது, ஸ்பிரே இல்லாமலே. முழுதாக இல்லை, வலது பக்கம் மட்டும், பத்து நிமிடம் போல. ஆனால் திறந்தது. படியேறும்போது பரிவு நரம்பு வேகமெடுக்கும் என்று நான்தான் பதிவு செய்திருந்தேன். என் நரம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, கொஞ்சம் சிந்த முடிகிறது என்று படியில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கப் போனேன்.

அவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நான் வாய் திறக்கும் முன்பே, "எத்தனை மாசமா போடுறீங்க?" என்று கேட்டார்.

"5 மாசம், டாக்டர்."

"பயப்படாதீங்க. தோல் திரும்பி வந்துடும். ஆனா புட்டிய கீழ வச்சே ஆகணும்."

ஒரே நாளில் இரண்டு பக்கமும் விட முடியாவிட்டால் ஒரு பக்கமாக விடலாம் என்றார். எனக்கு அது கைகொடுத்தது. வலது பக்கத்தை முதல் நாளே நிறுத்தினேன், இடது பக்கத்தில் மட்டும் இரவில் போட்டுக்கொண்டு தூங்கினேன். அவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு ஸ்பிரே தினமும். அது இந்த வகை கிடையாது. தசையைச் சுருக்குவதில்லை, அழற்சியைத்தான் தணிக்கும், பலன் தெரியவே சில நாள் ஆகும். கூடவே கொதித்து ஆறிய நீரில் கலந்த உப்புநீரால் மூக்கைக் கழுவினேன். குழாய்த் தண்ணீரை நேராகப் பயன்படுத்தக் கூடாது என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார். தலைமாட்டில் தலையணையைக் கூட்டி உயர்த்திக்கொண்டேன். படுத்தால் தலைப்பக்கச் சிரைகளில் அழுத்தம் கூடி அடைப்பு மோசமாகும் என்பதால். முதல் நான்கு இரவும் கொடுமை. 11-ஆம் இரவு வலது பக்கம் தானாகத் திறந்தது. அதற்குப் பிறகே இடது பக்கத்தை நிறுத்தினேன், அதற்கு 9 நாள் ஆனது.

ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் போலவே பயந்துபோவீர்கள். குணமான பிறகும் இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே அளவாகத் திறந்திருக்காது. சில மணி நேரம் ஒரு பக்கம் லேசாக அடைக்கும், பிறகு மறு பக்கம். இது நோயில்லை. இரண்டு பக்கத்துப் பரிவு நரம்பும் மாறிமாறி ஏறி இறங்குவதால் வருவது. 1895-இலேயே கைசர் என்ற மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். மீண்டும் வந்துவிட்டதோ என்று நினைத்து நான் ஒருநாள் புட்டியைக் கையில் எடுத்தேன். போடவில்லை. இரண்டு மணி நேரத்தில் பக்கம் மாறியது.

இதையெல்லாம் அப்பாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, "எனக்கும் அந்த மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து மூக்கு அடைக்குதும்மா" என்றார். புராஸ்டேட்டுக்காக அவர் சாப்பிடுவது டாம்சுலோசின். அது ஆல்ஃபா-1 ஏற்பியை மறிக்கிற மருந்து. சிறுநீர் வழியின் மென்தசையைத் தளர்த்தக் கொடுக்கிறார்கள், மூக்கின் குழாய்த் தசையும் சேர்ந்து தளர்கிறது. அவருக்கு இந்த ஸ்பிரேயை வாங்கிக் கொடுக்காமல் மருத்துவரிடம் பேசச் சொன்னேன். ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கும் சில்டனாஃபில், பழைய இரத்த அழுத்த மருந்தான ரெசர்பின் போன்றவையும் மூக்கை அடைக்கும். ரெசர்பின் நரம்பு மணிகளின் பைகளிலிருந்து நார்அட்ரினலினைக் காலி செய்துவிடும் என்பதைப் படித்தபோது எனக்கு அது உடனே புரிந்தது. ஆகவே அடைப்பு நாள்பட்டதாக இருந்தால், ஸ்பிரே வாங்கும் முன் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் புட்டியை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். இது சும்மா சொல்கிற எச்சரிக்கை இல்லை. இந்த வகை மருந்தைக் குழந்தை விழுங்கினால் மூளையில் இருக்கும் ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தொட்டு, தூக்கம், நாடித்துடிப்புக் குறைவு, இரத்த அழுத்த வீழ்ச்சி என்று போகும். 1 அல்லது 2 மில்லியே போதும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012-இல் எச்சரித்தது. கண் சிவப்புக்குப் போடும் சில சொட்டு மருந்துகளும் இதே வகை என்பதால் அவற்றையும் சேர்த்தே. மூக்கில் இறுக்குகிற பொருள் மூளைக்குப் போனால் அழுத்தத்தைக் குறைக்கிறது என்பது நம்ப முடியாதது போல இருக்கும். ஆனால் 1962-இல் மூக்கடைப்புக்கென்றே உருவாக்கப்பட்ட குளோனிடின் அப்படித்தான் அழுத்தத்தை இறக்கி, ஆளைத் தூங்க வைத்து, கடைசியில் இரத்த அழுத்த மருந்தாகவே ஆனது. பெரியவர்களில் உயர் இரத்த அழுத்தம், தைராய்டு மிகைச் சுரப்பு, ஒடுங்கிய கோணக் கண்ணழுத்த நோய் உள்ளவர்களும், மனச்சோர்வுக்கு மோனோஅமீன் ஆக்ஸிடேஸ் தடுப்பி சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

போடும் விதத்தையும் நான் தப்பாகவே செய்துகொண்டிருந்தேன். தலையை லேசாக முன்னால் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையாலும் வலது மூக்குக்கு இடது கையாலும் பிடித்தால் முனை தானாக வெளிச்சுவரைப் பார்க்கும். மருந்து நடுத்தண்டில் படக் கூடாது. அங்கே காய்ந்து இரத்தம் கசியும், எனக்குக் கசிந்தது. போட்டதும் பலமாக உறிஞ்ச வேண்டாம், உறிஞ்சினால் தொண்டைக்குத்தான் போகும். ஒரு நாளில் 3 தடவைக்கு மேல் வேண்டாம். புட்டியை யாரோடும் பகிர வேண்டாம்.

மதிப்பெண் கேட்டால், கடும் சளியில் 5 நாளுக்கு, ஐந்துக்கு ஐந்து. வேலை செய்கிற விதம் நேர்மையானது, வேகமானது. ஆனால் நாள்பட்ட ஒவ்வாமைக்காரர்கள், தினமும் இரவில் மூக்கடைக்கிறவர்கள், என்னைப் போல வேலைக்கு மூக்கை நம்பியிருக்கிறவர்கள் வாங்கவே வேண்டாம் என்பேன். அவர்களுக்கு எந்த வாரமும் கடைசி வாரமாக இருக்காது.

போன மாதம் மறுபடி சளி பிடித்தது. புதுப் புட்டி வாங்கி, திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் அதன் மேலேயே எழுதினேன். நான்காம் நாள் காலை மீதி மருந்தோடு அதை எறிந்தேன்.

சளி முழுதாகப் போன பிறகு அந்த நரம்பு அத்தியாயத்தை எடுத்துக் கேட்டேன். ஸ்பிரேயின் பலம் குறைந்துகொண்டிருந்த மாதங்களில் பதிவு செய்த பிற்பகுதியில், 'நார்அட்ரினலின்' என்ற சொல்லே 'தார்அட்ரிடலிட்' என்று விழுந்திருந்தது. மாணவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. இருந்தாலும் முழு அத்தியாயத்தையும் முதலிலிருந்து வாசித்து, பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை அனுப்பினேன். ஒவ்வொரு ந-வும் ன-வும் சரியாக வந்திருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்த பிறகுதான்.